கட்டையான கால்: நீட்டுவதா, விடுவதா?

ஹுன்னஸ்கிரியவில் மிளகு பறிக்கையில் மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட இளைஞர் ஒருவர் கேட்டார்: "எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் கால் 3 சென்றிமீற்றர் கட்டை. தங்கச்சிக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் என் நடையைத்தான் பார்க்கிறார்கள். ஒப்பரேஷன் செய்து நீட்டலாமாமே, செய்யட்டுமா?"

1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணைக்காகக் காணியை விட்டு எழும்பிய குடும்பம் அது. வீட்டில் உழைக்கும் ஆள் அவர் ஒருவரே. ஆகவே இது காலைப் பற்றிய கேள்வி மட்டுமல்ல, குடும்பத்தின் பிழைப்பைப் பற்றிய கேள்வியும்தான்.

எலும்பை நீட்ட முடியும் என்பது உண்மை. சோவியத் நாட்டின் குர்கான் நகரில் வைத்தியர் இலிசாரோவ் 1950களில் இம்முறையை உருவாக்கினார். எலும்பை வெட்டி, வெளியே பூட்டிய சட்டத்தின் மூலம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர் வீதம் மெல்ல விலக்குகிறார்கள். இடைவெளியில் புதிய எலும்பு வளர்கிறது. 3 சென்றிமீற்றர் நீட்ட ஒரு மாதம் போதும். ஆனால் புதிய எலும்பு இறுக மேலும் பல மாதங்கள் வேண்டும். அதுவரை கம்பி நுழைந்த இடங்களைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். அங்கே கிருமி தொற்றுவது சாதாரணம். தொடை எலும்பை நீட்டும்போது முழங்கால் விறைத்துப் போகக்கூடும். தினமும் வலியோடு பயிற்சி செய்யாதவருக்கு, கால் நீண்டும் முழங்கால் மடங்காது. குந்தியிருந்து களை பிடுங்குகிறவருக்கு இது சிறிய விஷயமா?

ரஷ்யாவின் உயரம் பாய்தல் வீரர் வலேரி புரூமெல் 1964இல் ஒலிம்பிக் தங்கம் வென்றவர். 1965இல் மோட்டார் சைக்கிள் விபத்தில் அவரது கால் சிதைந்தது. பல ஒப்பரேஷன்களின் பின் 1968இல் இலிசாரோவிடம் போனார். கால் சரியாகி மீண்டும் பாய்ந்தார். ஆனால் தமது பழைய சாதனையான 2.28 மீற்றரை அவர் எட்டவேயில்லை.

அப்படியானால் என்ன செய்வது? முதலில் சரியாக அளக்க வேண்டும். இடுப்பு சரிந்திருந்தாலும் கால் கட்டையாகத் தோன்றும். கட்டையான காலின் கீழ் மெல்லிய பலகைகளை ஒவ்வொன்றாக வைத்து, இடுப்பு மட்டமாகும்வரை பாருங்கள். 2 சென்றிமீற்றருக்குக் குறைவென்றால் பெரும்பாலும் சப்பாத்தின் அடியை உயர்த்தினாலே போதும். 2 முதல் 5 வரை, ஒப்பரேஷனை யோசிக்கலாம்; கட்டாயமில்லை. எலும்பு வளைந்தோ திரும்பியோ பொருந்தியிருந்தால் அதுவும் கணக்கில் வரும். சிறுபிள்ளைகளுக்கு அவசரப்பட வேண்டாம். முறிந்த தொடை எலும்பு சற்று வேகமாக வளர்ந்து குறையைத் தானே ஓரளவு ஈடுசெய்வதுண்டு.

பிறகு திகன வழியாகக் கண்டிக்கு பஸ் ஏறி, என்பு முறிவு வைத்தியரிடம் இவற்றைக் கேளுங்கள்: எத்தனை மாதம் சட்டத்தோடு இருக்க வேண்டும்? எத்தனை முறை கிளினிக் வர வேண்டும்? கருவிக்குக் காசு கட்ட வேண்டுமா? பயிற்சி எங்கே? வீட்டிலும் ஒரு கேள்வி உண்டு: அத்தனை மாதமும் தோட்டத்தை யார் பார்ப்பது?

அந்த இளைஞர் இதையெல்லாம் கேட்டு வந்தார். ஒரு போகம் உயர்த்திய சப்பாத்தோடு வேலை செய்து பார்ப்பதென்று முடிவெடுத்தார். இடுப்பு வலி நீங்காவிட்டால் நீட்டுவதைப் பற்றி மீண்டும் யோசிப்பாராம். "வலிக்காகச் செய்தால் செய்வேன், கலியாணம் பேச வருகிறவர்களின் கண்ணுக்காகச் செய்யமாட்டேன்" என்றார். தங்கச்சியும் அதற்குச் சம்மதித்தாள்.