பைசாந்தியத்தில் அரச மணமும் அரியணை உரிமையும்

கொன்ஸ்தாந்திநோப்பிளைத் தலைநகராகக் கொண்டு 1453 ஆம் ஆண்டுவரை நிலவிய பைசாந்தியக் கிறித்தவப் பேரரசில், தந்தைக்குப்பின் மைந்தன் என வரையறுக்கும் அரசுரிமைச் சட்டம் இருந்திலது. மூதவை, படை, நகரமக்கள் ஆகியோரின் ஏற்பே ஒருவனைப் பேரரசனாக்கிற்று. ஆயினும், 867 இல் முதலாம் பசில் நிறுவிய மக்கெதோனிய மரபு நெடிது நிலைபெற்றமையால், அக்குருதிக்கே அரியணை உரியது என்னும் எண்ணம் மக்களுள்ளத்தில் வேரூன்றிற்று. சட்டம் தராத உரிமையைப் பிறப்புத் தந்தது எனலாம்.

1025 இல் இரண்டாம் பசில் மக்கட்பேறின்றி இறந்தான். அவன்பின் ஆண்ட தம்பி எட்டாம் கொன்ஸ்தாந்தீனுக்குப் புதல்வியர் மூவரே இருந்தனர். மூத்தவள் துறவு பூண்டாள். சோயி, தியோடோரா என்னும் இருவரும் மணமின்றி அரண்மனையிலேயே முதிர்ந்தனர். மருமகன் அரியணைக்குப் போட்டியாளனாவான் என்ற அச்சமே இதற்குக் காரணமென வரலாற்றாசிரியர் கருதுவர். 1028 இல் மரணப்படுக்கையிற் கிடந்த மன்னன், உரோமானோஸ் என்னும் பெருங்குடியினனைச் சோயிக்கு மணமுடித்தான். இதற்கென உரோமானோசின் மனைவி கன்னியர் மடம் புக நேர்ந்தது. அப்போது சோயிக்கு வயது ஏறத்தாழ ஐம்பது; மகப்பேற்றுக் காலம் கடந்துவிட்டது.

1034 இல் உரோமானோஸ் நீராடுமிடத்தில் இறந்தான். உடனே சோயி நான்காம் மைக்கேலை மணந்து அவனை அரசனாக்கினாள். பின்னர் அவள் மகவாக ஏற்ற ஐந்தாம் மைக்கேல், 1042 இல் அவளையே தீவொன்றுக்கு நாடுகடத்தினான். நகரமக்கள் கிளர்ந்தெழுந்தனர். அவன் வீழ்ந்தான், சகோதரியர் இருவரும் சிலகாலம் ஒருங்கு ஆண்டனர். பேரரசன் ஆறாம் லியோவின் நான்காம் மணத்தால் எழுந்த பூசலின்பின், 920 இல் திருச்சபை நான்காம் மணத்தை முற்றாக விலக்கி, மூன்றாவதையும் கட்டுப்படுத்தியிருந்தது. இருந்தும், அவ்வாண்டிலேயே சோயி மும்முறை மணந்தவளாகி, கொன்ஸ்தாந்தீன் மொனோமாக்கோசை அரியணையேற்றினாள்.

சோயி 1050 இல் மறைந்தாள். 1055 இல் தனித்து ஆளத்தொடங்கிய தியோடோரா மறு ஆண்டே இறக்க, அம்மரபும் அற்றது. போட்டியாளரைத் தடுக்க எண்ணிய அச்சமே வாரிசின்மைக்கு வழிகோலிற்று.

1081 இல் ஆட்சியேற்ற அலெக்சியோஸ் கொம்னேனோஸ் இதற்கு மாறாகத் தன் புதல்வியரைப் பெருங்குடியினர்க்கு மணமுடித்து, அவர்களைத் தன் ஆட்சிக்குத் துணையாக்கினான். ஆயின், அவன் இறந்தபின் மூத்த மகள் அன்னா தன் கணவனை அரசனாக்கச் சூழ்ச்சி செய்தாள் என வரலாற்று நூல்கள் கூறும். எனவே, முன்னையோரின் அச்சம் காரணமற்றதன்று. மணம் மறுப்பின் மரபு அறும். மணம் முடிப்பின் போட்டி எழும். தெளிந்த உரிமைச் சட்டமில்லாத அரசு இவ்விரு கேடுகளுக்கும் இடையிலேயே உழல நேர்ந்தது.