முதல் புகை சங்ரூருக்கு

அக்டோபர் கடைசி ஆனால் போதும், தில்லியின் காற்று தலைப்புச் செய்தியாகிவிடும். பஞ்சாப் விவசாயிகள் வைக்கோலைக் கொளுத்துகிறார்கள், தலைநகரம் மூச்சுத் திணறுகிறது என்று நாமும் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தப் புகை தில்லியைத் தொட 200 கிலோமீட்டருக்கு மேல் வர வேண்டும். எரியும் வயலுக்கு அடுத்த தெருவில் படுத்து எழும் சங்ரூர், பர்னாலா, மான்சாக்காரர்கள் அதை அங்கேயே, அப்போதே உள்ளே இழுக்கிறார்கள். அவர்களுடைய நெஞ்சுச்சளியைப் பற்றி யாரும் தலைப்புப் போடுவதில்லை.

சங்ரூர், பஞ்சாபின் தெற்கே மால்வா வட்டாரத்தில் இருக்கிறது. கடலும் இல்லை, மலையும் இல்லை. கண்ணுக்கெட்டிய வரை நெல், இல்லாவிட்டால் கோதுமை. ஆடி, ஆவணியில் மழை காற்றைக் கழுவிவிடும். செப்டம்பர் முடிவில் பருவமழை பின்வாங்கியதும் காற்றின் வேகம் தளர்கிறது, இரவுகள் குளிர்கின்றன. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, அதன்மேல் சூடான அடுக்கு ஒன்று அமர்ந்துகொள்கிறது. பகலில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் எழும்பிக் கலைகிற புகை, இரவில் சில நூறு மீட்டருக்குள் அடைபடும். நெல் அறுப்பதும் அதே வாரங்களில்தான்.

புகை வருவதற்கு முன்பே தூசி வந்துவிடும். அறுத்த நெல் மண்டிக்கு வந்து குவியும். பெரிய விசிறிகளை ஓட்டித் தூற்றுவார்கள். பதரும் சுணையும் மண்டி முழுவதும் பறக்கும். அதற்குள் நின்று மூட்டை பிடிப்பவர்கள் பெரும்பாலும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த கூலிக்காரர்கள். முகத்தில் சுற்றிய துண்டுதான் அவர்களுக்குக் காப்பு.

வைக்கோலை ஏன் கொளுத்த வேண்டும் என்று தஞ்சாவூர்க்காரருக்குத் தோன்றும். நம் ஊரில் அது மாட்டுத் தீனி. பஞ்சாபில் மாட்டுக்குக் கோதுமைத் தாள் இருக்கிறது. மணற்சத்து மிகுந்த நெல் வைக்கோலை அங்கே விரும்புவதில்லை. அறுவடை எந்திரம் தாளை உயரமாக விட்டுவிட்டு, மீதி வைக்கோலை வரிசையாகக் கொட்டிச் செல்கிறது. ஓர் ஏக்கருக்கு இரண்டரை, மூன்று டன். நவம்பர் முதல் பாதிக்குள் கோதுமை விதைத்தாக வேண்டும். தள்ளத் தள்ள விளைச்சல் குறையும். இடையில் கிடைப்பது மூன்று வாரம்.

இந்த மூன்று வாரத்தை உண்டாக்கியது விவசாயி அல்ல. நெல் பஞ்சாபின் பழைய உணவும் அல்ல; நாட்டின் பசி தீர அரசு விலை வைத்து வாங்கியதால் வளர்ந்த பயிர். இலவச மின்சாரத்தில் நிலத்தடி நீர் வற்றத் தொடங்கியதும், 2009 இல் ஒரு சட்டம் வந்தது: ஜூன் 10 க்கு முன் நடவு கூடாது. பின்னர் அந்தத் தேதி 2018 இல் ஜூன் 20 வரை தள்ளிப் போனது. தண்ணீரைக் காக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் நடவு பின்னால் போக, அறுவடையும் பின்னால் போய், காற்று அசையாத நாட்களில் நெருப்பு வந்து விழுந்தது. அந்தச் சுமை யார் தலையில் ஏறும் என்று அப்போதே கணக்குப் பார்த்திருக்க வேண்டாமா?

இப்போது தண்டனை பெருகியிருக்கிறது. 2024 நவம்பரில் அபராதம் இரட்டிப்பானது. ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கு 30,000 ரூபாய். எரிப்புச் சம்பவங்கள் 2021 இல் 71,304. 2024 இல் 10,909 என்கிறது அரசுக் கணக்கு. குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் இந்தக் கணக்குக்கு உதவும் முக்கியச் செயற்கைக்கோள்கள் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் கடந்து போகின்றன. மாலையில் வைக்கும் நெருப்பு அவற்றின் கண்ணில் படுவதில்லை. நெருப்பு மாலைக்கு நகர்ந்திருப்பதை வேறு செயற்கைக்கோள் படங்கள் காட்டியிருக்கின்றன. மாலைப் புகைதான் ஊருக்கு மிகக் கெட்டது. அது இரவு முழுக்க வீடுகளுக்குள்ளேயே தங்கும்.

வழியே இல்லாமல் இல்லை. நின்ற தாளுக்கு நடுவிலேயே கோதுமை விதைக்கும் 'ஹேப்பி சீடர்' கருவி, லூதியானா வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகளும் சேர்ந்து உருவாக்கியது. 2018 முதல் இத்தகைய எந்திரங்களுக்கு மானியமும் உண்டு. சங்ரூர் மாவட்டத்து லெஹ்ராகாகாவில் வைக்கோலிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலை 2022 இல் திறக்கப்பட்டது. ஒரு டன் வைக்கோலில் ஏறத்தாழ 25 கிலோ சாம்பல் சத்தும் ஐந்தரைக் கிலோ தழைச்சத்தும் இருக்கின்றன. மண்ணில் மடக்கினால் உரச்செலவும் மிச்சம்.

எனக்கு எல்லாவற்றையும்விட எளிதாகத் தோன்றுவது விதையை மாற்றுவது. பூசா 44 ரகம் விளைய ஏறக்குறைய 160 நாள் ஆகும், பி.ஆர். 126 க்கு 125 நாளுக்குள் போதும். ஒரு மாதத்துக்கு மேல் கையில் நிற்கும். தண்ணீரும் குறைவு. அரசு சொன்னதைக் கேட்டு ஏராளமானோர் மாறினார்கள். 2024 அக்டோபரில் நடந்தது என்ன? ஆலைக்காரர்கள் இந்த நெல்லில் அரிசி குறைவாக வருகிறது, குவிண்டாலுக்கு 67 கிலோ தர முடியாது என்று அரைக்க மறுத்தார்கள். கிடங்குகளிலோ பழைய அரிசி நிறைந்து கிடந்தது. சொல் கேட்டு ரகத்தை மாற்றியவர்கள் நெல்லோடு மண்டியில் காத்துக் கிடந்தார்கள். சிலர் விலையைக் குறைத்துத் தள்ளிவிட்டார்கள். அபராதச் சீட்டு எழுதும் அதே வேகத்தில் அரசு இவர்கள் நெல்லையும் எடை போட்டால், அடுத்த ஆண்டும் இந்த விதையையே இவர்கள் கையில் எடுப்பார்கள்.