ஏஜென்டை மாத்தலாம், உறவை முறிக்கத் தேவையில்லை

ஸ்காபரோவிலோ மார்க்கத்திலோ வீடு விற்கிறது எண்டால் எங்கட ஆக்களுக்கு ஏஜென்ட் தேடி அலையத் தேவையில்லை. சித்தப்பாவின் மகன், பிள்ளையின் தமிழ் வகுப்பில் சந்திக்கிற ஒரு அப்பா, அம்மாவோடு கோயிலுக்கு வருகிற அன்ரியின் மருமகன் என்று யாராவது இருப்பார். சிக்கல் பிறகுதான் வரும். இரண்டு மாதமாகியும் வீடு விற்கவில்லை, போன் எடுத்தால் பதில் இல்லை. "வேற ஆளைப் பாப்பம்" எண்டால், "ஐயோ, நாளைக்கு அவையின்ர முகத்தில எப்படி முழிக்கிறது?" என்று அம்மா கேட்பார். நாங்களும் பேசாமல் இருப்போம். மோர்ட்கேஜ் மட்டும் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும்.

ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால் இந்தச் சங்கடம் பாதி குறையும். ஒன்ராறியோவில் நீங்கள் ஒப்பந்தம் செய்வது ஏஜென்டோடு அல்ல, அவர் வேலை செய்கிற புரோக்கரேஜோடு. அதனால் "நிப்பாட்டுவம் அண்ணா" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முடிந்துவிடாது. கையெழுத்து வைத்தபிறகு மனம் மாறினால் விலக, அவகாச நாட்கள் என்று எதுவும் இல்லை.

மூன்று வழிகள்

முதலாவது, புரோக்கரேஜின் பொறுப்பாளரோடு கதைத்து, அதே அலுவலகத்தில் வேறு ஏஜென்டைக் கேட்பது. ஒப்பந்தம் அப்படியே இருக்கும், ஆள் மட்டும் மாறுவார். சொந்தக்காரரோடு நேரே மோதவும் வேண்டியதில்லை.

இரண்டாவது, ஒப்பந்தத்தை ரத்துச் செய்யும்படி கேட்பது. இதற்கு புரோக்கரேஜ் சம்மதிக்க வேண்டும், அதுவும் எழுத்தில். இங்கே ஒரு சொல்லைக் கவனியுங்கள்: லிஸ்டிங்கை "இடைநிறுத்துவது" வேறு, "ரத்துச் செய்வது" வேறு. இடைநிறுத்தினால் வீடு சந்தையிலிருந்து இறங்கும், ஆனால் ஒப்பந்தம் உயிரோடுதான் இருக்கும். அந்த நிலையில் இன்னொரு புரோக்கரேஜில் கையெழுத்து வைத்தால் இரண்டு இடத்துக்கும் கமிஷன் கட்ட நேரலாம்.

மூன்றாவது, முடிவுத் தேதி வரை பொறுத்திருப்பது.

முடிந்த பிறகும் தொடரும் விதி

தேதி முடிந்தாலும் "ஹோல்டோவர்" என்றொரு பிரிவு இருக்கும். லிஸ்டிங் காலத்தில் வீட்டைப் பார்த்த ஒருவர், குறிப்பிட்ட நாட்களுக்குள் வாங்கினால் பழைய புரோக்கரேஜுக்கும் கமிஷன் உரிமை உண்டு. புதிய புரோக்கரேஜோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்திருந்தால், வழக்கமான படிவத்தின்படி அவர்களுக்குக் கட்டும் தொகை பழைய கமிஷனிலிருந்து கழியும்.

கணக்கு இதுதான். வீடு 900,000 டொலருக்குப் போகிறது. பழைய ஒப்பந்தம் 5 சதவீதம், அதாவது 45,000. புதியது 4 சதவீதம், 36,000. மிச்சம் 9,000 டொலர், அதற்கு 13 சதவீத எச்எஸ்டி, பழைய இடத்துக்குப் போகும். ரத்துப் படிவத்தில் கையெழுத்து வைக்கும்போதும் ஹோல்டோவர் நீங்குகிறதா, நிற்கிறதா என்று பாருங்கள்.

கையெழுத்து வைக்க முதல்

2023 டிசம்பர் 1 முதல், ஒழுங்குபடுத்தும் சபையான ரீக்கோவின் தகவல் கையேட்டை ஏஜென்ட் முதலில் தந்து விளக்க வேண்டும். தராவிட்டால் கேளுங்கள். ஏஜென்டின் நடத்தை பற்றி ரீக்கோவில் முறையிடலாம். ஆனால் ஒப்பந்தத்தை ரத்துச் செய்து தரும் அதிகாரம் அதற்கில்லை.

ஒப்பந்தக் காலம், ஹோல்டோவர் நாட்கள், கமிஷன் மூன்றுமே பேசி முடிவு செய்பவை. ஆறு மாதத்துக்கு மேல் என்றால் முடிவுத் தேதிக்குப் பக்கத்தில் நீங்கள் தனியாக இனிஷியல் போட வேண்டும். 60 அல்லது 90 நாள் கேட்டுப் பாருங்கள். திருப்தியில்லாவிட்டால் எழுத்தில் அறிவித்து விலகலாம் என்றொரு வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

"அண்ணா, நாங்கள் ஆரோடையும் இப்படித்தான் எழுதுவம்" என்று முதல் நாளே சிரித்துக்கொண்டு சொல்லிவிடலாம். மூன்றாம் மாதம் கோபத்தில் சொல்வதைவிட அது சுகம். பிறகு ஆளை மாற்ற வேண்டி வந்தாலும், அடுத்த பிறந்தநாள் விழாவில் அவரோடு இருந்து சாப்பிடலாம்.