அடுப்புக்கரி வேறு, ஆஸ்பத்திரிக் கரி வேறு!

வாசல் தெளிக்கச் சாணி கிடைக்காத நாளில் சாணிப் பவுடரைக் கரைப்பது பெருந்துறை, ஈரோடு, கோயமுத்தூர்ப் பக்கங்களில் பழகிப்போன வழக்கம். வாசல் பளிச்சென்று இருக்கும், வாஸ்தவந்தான். ஆனால் அது சாணியே அல்ல, சகோதரிகளே! ஆரமின், மாலகைட் பச்சை என்னும் சாயப் பொடிகள் அவை. வயிற்றுக்குள் போனால் விஷம். அதை முறிக்கத் தனி மருந்து கிடையாது. குழந்தை அதை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வது?

இம்மாதிரி சமயங்களில் டாக்டர்கள் கையாளும் உபாயங்களில் ஒன்று, கரி! உடனே அடுப்பங்கரைக்கு ஓடிவிடாதீர்கள். அந்தக் கரி இதற்கு உதவாது. கொட்டாங்கச்சி போன்றவற்றைக் கரியாக்கி, பிறகு கடும் சூட்டில் நீராவியில் வாட்டி எடுப்பது ஆஸ்பத்திரிக் கரி. அப்போது அதில் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி துளைகள் உண்டாகின்றன. ஒரு கிராம் கரிக்குள் இருக்கும் பரப்பை விரித்தால் கால் ஏக்கர் நிலம் அளவு வருமாம்! விஷம் அந்தத் துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தில் கலக்காமல் கரியோடு வெளியேறிவிடுகிறது.

அப்படியானால் கவலையே இல்லையா? அண்டையிலுள்ள இலங்கையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அரளி விதை விஷம் ஏறிய 401 பேரைப் பற்றிய முடிவு 2003-ல் வெளிவந்தது. பல வேளை கரி கொடுக்கப்பட்ட 201 பேரில் இறந்தவர் 5 பேர். மற்ற 200 பேரில் 16 பேர். ஆனால் பலவித விஷங்களுக்காக 4,600-க்கு மேற்பட்டவர்களிடம் நடத்தி, 2008-ல் வெளியான சோதனையில் கரியால் குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை. அவர்களில் பலர் பல மணி நேரம் கழித்தே சிகிச்சைக்கு வந்தவர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் கரிக்கு முழு வேகம்.

மண்ணெண்ணெய், ஆசிட் ஆகியவற்றுக்கோ கரி பயன்படாது. மயங்கிக் கிடப்பவருக்குப் புகட்டினால் நுரையீரலில் இறங்கி ஆபத்தை உண்டாக்கும். ஆகவே கொடுப்பதா, வேண்டாமா என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், சாணிக் கரைசல் எதையும் புகட்டாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாயில் ஒட்டியிருப்பதைத் துடைத்துவிட்டு, 108-க்குப் போன் செய்யுங்கள். பொட்டலத்தையோ புட்டியையோ மறக்காமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எந்த விஷம் என்று டாக்டருக்கு அதுதான் சொல்லும்.

இன்னொன்று: அந்தச் சாணிப் பவுடர் வீட்டில் எதற்கு? வெறும் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டாலும் வாசல் அழகாகத்தானே இருக்கும்!