வீக்கெண்ட் பைலட் ஆகணுமா? ஃபீஸ் கட்டும் முன் இதைக் கேளுங்க!

சிறுசேரி சிப்காட்டில் வேலை பார்த்துக்கிட்டே, பொழுதுபோக்கா விமானம் ஓட்ட முடியுமா? முடியும். அதுக்கான உரிமம்தான் பிபிஎல். இதை வச்சு சம்பளத்துக்கு ஓட்டக் கூடாது. நண்பர்களை ஏத்திக்கிட்டுப் பறக்கலாம்.

என்ன தகுதி?
17 வயது, பத்தாம் வகுப்பு தேர்ச்சி, மருத்துவப் பரிசோதனை, எழுத்துத் தேர்வு, குறைந்தது 40 மணி நேரம் பறந்த அனுபவம்.

எங்கே கத்துக்கலாம்?
பக்கத்துல தாம்பரத்தில் இருப்பது விமானப்படையின் பயிற்றுநர் பள்ளி. பொதுமக்கள் சேர முடியாது. டிஜிசிஏ அனுமதி பெற்ற பள்ளிக்குத்தான் போகணும்.

சிக்கல் எங்கே?
விமானம் பழுது, மழை என்று வகுப்பு தள்ளிப்போனா, கைப்பழக்கம் விட்டுப்போகும். அதே பாடத்தை மறுபடி காசு கொடுத்துப் படிக்கணும். இன்னொண்ணு, விமானம் நகரத் தொடங்கியதில் இருந்து கடைசியா நிற்கும் வரை எல்லாமே பறக்கும் நேரம்தான். ஓடுபாதைக்காகக் காத்திருக்கும் நிமிஷமும் இதில் சேரும்.

அதனால் மொத்த ஃபீஸையும் முதல்லயே கட்டிடாதீங்க. பறக்கும் நிலையில் எத்தனை விமானம் இருக்கு? போன மாசம் ஒரு மாணவருக்கு எத்தனை மணி நேரம் கிடைச்சது? பாதியில் நின்னா பணம் திரும்புமா? பதிலை எழுத்தில் வாங்குங்க. பயிற்சிப் பள்ளிகளுக்கு 2025-ல் டிஜிசிஏ வெளியிடத் தொடங்கிய தரவரிசையையும் ஒருமுறை பார்த்துடுங்க.