மறுசுழற்சித் தாளில் தெர்மல் லேபிள்: சிக்கல் எங்கே?

கூரியரில் வந்த பார்சலின் மேல் ஒட்டியிருக்கும் வெள்ளை லேபிளை நகத்தால் அழுத்தி, வேகமாகக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் லேபிள். அதை அச்சடிக்க மையும் வேண்டாம், ரிப்பனும் வேண்டாம். நகம் உரசிய சூடே கோடாகிவிடுகிறது; அச்சுப்பொறியும் இப்படிச் சூட்டால்தான் எழுதுகிறது. சூப்பர் மார்க்கெட்டில் காய்கறியை எடைபோட்டு ஒட்டித்தரும் ஸ்டிக்கரும், கடையில் தரும் பில்லும் பெரும்பாலும் இதே வகைதான். ஒட்டிய சில நாட்களிலேயே குப்பைக்குப் போகும் பொருள். அதற்காக மரம் வெட்டிப் புதுக் கூழ் காய்ச்ச வேண்டுமா, பழைய பேப்பர் போதாதா என்ற கேள்வி நியாயமானது.

போதும். மறுசுழற்சித் தாளில் செய்த தெர்மல் லேபிள்கள் ஏற்கெனவே சந்தையில் உள்ளன. ஆனால் அவை சாதாரண நோட்டுத் தாளைப் போல எளிதாகக் கிடைத்துவிடவில்லை.

பழைய பேப்பரை முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்குகிறார்கள். ஸ்டேப்ளர் பின், பிளாஸ்டிக் எல்லாம் சல்லடையில் நின்றுவிடும். பிறகு சோப்பு போன்ற பொருளைச் சேர்த்துக் காற்றை ஊதினால், மைத் துகள்கள் குமிழிகளில் ஒட்டி மேலே வரும். அந்த நுரையை வழித்தெடுத்துவிடுவார்கள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள டி.என்.பி.எல். காகித ஆலையிலும் இப்படி மை நீக்கிக் கூழ் எடுக்கும் பிரிவு இருக்கிறது. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் நார் குட்டையாகிறது, தாளின் வலு குறைகிறது, மேற்பரப்பு சொரசொரப்பாகிறது.

அச்சுப்பொறிக்கு இதுதான் ஆகாது. அதன் தலையில் பொதுவாக ஒரு மில்லிமீட்டருக்கு 8 புள்ளிகள் வீதம் நுண்ணிய சூடேற்றிகள் வரிசையாக இருக்கும். தாள் அவற்றின் மேல் படிந்து நகர வேண்டும். பள்ளம் இருந்தால் அந்த இடத்தில் சூடு சரியாகப் பாயாது, பார்கோடில் வெள்ளைப் புள்ளி விழும், ஸ்கேனர் படிக்காது. கூழில் தங்கிய மணல் போன்ற துகள்கள் அச்சுத் தலையையே தேய்த்துவிடும்.

ஆகவே தாளின் மேல் முதலில் சுட்ட களிமண் பூச்சு ஒன்றைக் கொடுக்கிறார்கள். பள்ளங்களை அது நிரப்பும். சூடு தாளுக்குள் இறங்காமலும் தடுக்கும். அதற்கு மேல்தான் நிறப்பூச்சு. நிறமற்ற சாயமும், அதோடு சேர்ந்தால் நிறத்தை வரவைக்கும் அமிலத்தன்மையுள்ள பொருளும் மிக நுண்ணிய துகள்களாக அருகருகே இருக்கும். சூடு பட்டதும் உருகிக் கலந்து கறுப்பாகும். ஈரமாகப் பூசிய இந்தக் கலவையை அதிகச் சூடு காட்டாமல்தான் உலர்த்த வேண்டும். கொஞ்சம் மிஞ்சினால் முழு ரோலும் கறுத்துவிடும்.

உண்மையான கேள்வி நிறம் வரவைக்கும் அந்த அமிலப் பொருளில்தான் இருக்கிறது. அதற்குப் பல காலம் பயன்பட்டது பிஸ்பீனால் ஏ. உடலின் ஹார்மோன்களைக் குழப்பும் ரசாயனம் இது. கையில் எடுத்தாலே தோல் வழியாக ஓரளவு உள்ளே போகும். இப்படிப்பட்ட பில்கள் பழைய பேப்பர் மூட்டையில் கலந்தால் ரசாயனம் கூழுக்குப் போய்ச் சேரும். மறுசுழற்சித் தாளில் இது தென்பட்டதற்குத் தெர்மல் தாள் ஒரு முக்கியக் காரணம் என்று ஐரோப்பிய ஆய்வுகள் காட்டின. 2020 ஜனவரி 2 முதல் ஐரோப்பிய ஒன்றியம் தெர்மல் தாளில் இதை எடையில் 0.02 சதவீதத்துக்கும் கீழே கட்டுப்படுத்தியது. பல உற்பத்தியாளர்கள் அதன் உறவுக்காரரான பிஸ்பீனால் எஸ்-க்கு மாறினார்கள். அதுவும் அதே வகை ரசாயனம் என்பதால் இது தீர்வே அல்ல. சுவிட்சர்லாந்து இரண்டையுமே தெர்மல் தாளில் தடைசெய்தது.

வேறு வழிகளும் இருக்கின்றன. ஜெர்மனியின் கோலர் நிறுவனம் ‘புளூ ஃபாரஸ்ட்’ என்ற தாளில் நிறம் வரவைக்கும் ரசாயனத்தையே விட்டுவிட்டது. கறுப்பு அடுக்கின் மேல், காற்று அடைபட்ட நுண்ணறைகளால் ஆன ஒளிபுகா அடுக்கு. சூடு பட்ட இடத்தில் அறைகள் நசுங்கி, அடியிலுள்ள கறுப்பு தெரிகிறது. பழைய பேப்பர் மூட்டையில் தயங்காமல் போடலாம்.

லேபிள் என்றால் இன்னும் இரண்டு அடுக்குகள்: பசை, உரித்தெறியும் பின்தாள். பின்தாளில் சிலிகோன் பூசியிருப்பதால் சாதாரண ஆலைகள் அதை வாங்குவதில்லை. லேபிள்களை வெட்டிய பின் மிஞ்சும், பசையோடு கூடிய வலைபோன்ற துண்டும் வீண்தான். பசை கூழில் பிசுபிசுத்துத் தாளில் ஓட்டை போடும். அதனால்தான் பின்தாளே இல்லாத லேபிளுக்கும், கூழில் தொல்லை தராத பசைக்கும் வரவேற்பு கூடுகிறது.

‘மறுசுழற்சித் தாள்’ என்று ரோலில் எழுதியிருந்தால், பெரும்பாலும் அது மேல் தாள் ஒன்றைப் பற்றிய சேதி மட்டுமே. லேபிள் ரோல் வாங்கும் கடைக்காரர்கள், பிஸ்பீனால் எதுவுமே இல்லையா, பின்தாளை யார் திரும்ப எடுப்பார்கள் என்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள். வீட்டில் சேரும் தெர்மல் பில்லில் என்ன ரசாயனம் என்று தெரியாதவரை, அதைப் பழைய பேப்பர் கட்டோடு சேர்க்காதீர்கள். குப்பைத் தொட்டியில் தனியே போடுங்கள்.