கைநாட்டு வைத்தது எந்தத் தாய்?

வெளிநாட்டுத் தம்பதி ஒருவர் இந்தியக் குழந்தையைத் தத்தெடுக்க 1984 வரை இங்கே தனி விதி எதுவும் இல்லை. 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்தில் உத்தரவு வாங்குவார்கள். குழந்தையை விமானம் ஏற்றுவார்கள். தத்தெடுப்பு அவர்கள் நாட்டில் நடக்கும். போன குழந்தை என்ன ஆயிற்று என்று கேட்க இங்கே யாருக்கும் பொறுப்பில்லை.

வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்துக்கு எழுதிய கடிதம்தான் இதை மாற்றியது. அதையே மனுவாக ஏற்று 1984 பிப்ரவரியில் நீதிபதி பி.என். பகவதி அளித்த தீர்ப்பு, அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வழியாகவே குழந்தை போக வேண்டும், முதலில் இந்தியப் பெற்றோரைத் தேட வேண்டும் என்றது. 1990-ல் 'காரா' என்ற மத்திய அமைப்பு பிறந்தது. 2003-ல் ஹேக் உடன்படிக்கையை இந்தியா ஏற்றது.

தீர்ப்புக்குப் பிறகும் ஓட்டை ஒன்று இருந்தது. சென்னையில் 2005-ல் வெளியான 'மலேசியன் சோஷியல் சர்வீசஸ்' விவகாரத்தில், குடிசைப் பகுதிகளில் கடத்தப்பட்ட பிள்ளைகள் புதுப் பெயர்களுடன் ஆஸ்திரேலியாவுக்கும் நெதர்லாந்துக்கும் போனார்கள் என்பது குற்றச்சாட்டு. பிள்ளையை மனமுவந்து ஒப்படைத்ததாகத் தாயின் பத்திரம் கோப்பில் இருந்தது. தாய்தான் வேறு!

பெங்களூரில் மொழிபெயர்ப்பு வேலை செய்பவர்களிடம் இத்தகைய பழைய பத்திரங்கள் எப்போதாவது வரும். வளர்ந்துவிட்ட பிள்ளைகள் கொண்டுவருவார்கள். ஸ்டாம்ப் பேப்பர், ஆங்கில டைப், கீழே ஒரு கைநாட்டு. 'படித்துக் காட்டப்பட்டு விளங்கிக்கொண்டார்' என்று ஒரு வரி. எந்த மொழியில் படித்தார்கள்? தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் புழங்கும் ஊரில் இது சின்னக் கேள்வியல்ல.

2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இந்த இடத்தில்தான் கவனம் வைக்கிறது. ஒப்படைப்பு குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் நடக்க வேண்டும். அதற்குமுன் பெற்றோருக்கு ஆலோசனை. பிறகு மனம் மாற இரண்டு மாத அவகாசம். அதன்பிறகே குழந்தை சட்டப்படி 'தத்துக்கு உரியது'. அப்போதும் இந்தியாவில் வசிப்பவர்களுக்கும் வெளிநாடு வாழ் இந்தியர்களுக்கும்தான் முன்னுரிமை. 60 நாளில் யாரும் கிடைக்காவிட்டால் வெளிநாட்டவருக்கு. உடற்குறையுள்ள குழந்தைகள், உடன்பிறந்தோர், ஐந்து வயது தாண்டியவர்கள் விஷயத்தில் வெளிநாட்டுத் தத்துக்கு முன்னுரிமை தரலாம். 2022 செப்டம்பர் முதல் இறுதி உத்தரவு மாவட்ட ஆட்சியரிடம். குழந்தை போன பிறகு இரண்டு ஆண்டு கண்காணிப்பு உண்டு.

நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அமெரிக்காவில் இருக்கும் தம்பிக்குப் பிள்ளையில்லை, நம் மூன்றாவதைக் கொடுத்துவிடலாம் என்று குடும்பத்துக்குள் பேசி முடித்து பத்திரம் பதிந்தால் போதாது. உறவினர் தத்துக்கும் 'காரா'வின் தடையில்லாச் சான்று வேண்டும். உத்தரவில்லாமல் அனுப்பினால் மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் அபராதம், அல்லது இரண்டும்.

தத்துப்போன பிள்ளை 18 வயதானதும் தன் வேரைத் தேட 'காரா'விடம் விண்ணப்பிக்கலாம். பெற்றவள் பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தால் அவள் சம்மதம் வேண்டும். அந்தத் தாயே பிள்ளையைத் தேட விரும்பினால், விண்ணப்பிக்க விதிகளில் வழி சொல்லப்படவில்லை.